இரண்டு புள்ளி ஐந்து

நிக்வேரி போகும் பேருந்தில்
நான், ஓட்டுநர், ஒரு மாவு மூட்டை.
ராச்சா மலையில் நவம்பர்.
சருகு சுமந்து இறங்குகிறது ரியோனி ஆறு.
மடியில் அரசாங்கத்தின் கைக்கணினி:
அதை ஏமாற்ற முடியாது என்று
பயிற்சியில் இரண்டு முறை சொன்னார்கள்.

முதல் வீடு. நாஸிப்ரோலா, எழுபத்தொன்பது.
அடுப்பில் அவரை வைத்த ரொட்டி.
பதினைந்துக்குக் கீழே பெண்பிள்ளை உண்டா?
"ஒருத்தி. பார்பாரே. ஏழு வயசு."
பதிந்தேன்.

அடுத்த வீடு. ஸியாலாவுக்குக் காது மந்தம்,
கேள்வியைக் கத்த வேண்டியிருந்தது.
"இருக்காளே, பார்பாரே!
பள்ளிக்கூட வண்டி விட்டு இறங்கினா
என் அடுப்பிலதான் காலுறை காய வைப்பா."
கைக்கணினி கீச்சிட்டது:
இப்பெயர் முன்பே பதிவாகியுள்ளது.

எத்தேரி ஒரு தட்டைக் காட்டினாள்,
விளிம்பில் நீலப் பூ, வேறு யாருக்கும் அதில் போடுவதில்லை.
கீச்.
மக்வாலா படுக்கையில் இருந்தபடியே
தீப்பெட்டி ஒன்றைத் திறந்தாள்.
உள்ளே ஒரு பால் பல்.
"இங்கதான் விழுந்தது. எழுதிக்கோ."
கீச்.

மலையேறி ஏழு வீடு, ஏழு பார்பாரே.
ஒருத்தியும் பொய் சொல்லவில்லை.

எட்டாவது கதவை அவளே திறந்தாள்.
அப்பா ஸ்வியாத் விறகுக்குப் போயிருக்கிறார்.
அம்மா பாரி நகரத்தில்
ஓர் இத்தாலியக் கிழவிக்குத் தலை சீவுகிறாள்.
"அங்கேயும் கிழவிங்கதானாம்" என்றாள்,
அங்கேயும் மழைதானாம் என்பதுபோல.

என் தோள் வழியே திரையை எட்டிப் பார்த்தாள்.
பெண்கள் நாற்பத்தொன்று.
சிறுமியர் பங்கு இரண்டு புள்ளி நான்கு.
"நான் ஒருத்திதானே,
எப்படி ரெண்டுக்கு மேல ஆனேன்?"
நூறு பேர் இருப்பதாக நினைத்துக்கொள், என்றேன்.
நினைத்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு.
கொஞ்ச நேரம் ஆயிற்று.
"முடியல" என்றாள்.

கணக்கு மூடும் நள்ளிரவுக்கு
மூன்று மணி நேரம் முந்திக்கொண்டாள் மக்வாலா.
சவப்பெட்டிக்கு முன்னால் மெழுகுவர்த்தி பிடிக்க
சின்னக் கை வேண்டும் என்றார்கள்;
இருந்தது ஒரு ஜோடிதான்.
கம்பளிக் கையுறையில் மெழுகு சொட்டி இறுகியது.
நான் சாலையோரம் நின்று
நாற்பத்தொன்றை நாற்பது ஆக்கினேன்.

அம்ப்ரோலாவுரியிலிருந்து மேலாளர் அழைத்தார்.
"நிக்வேரியில் பரவாயில்லையே!
செவ்வாய்க்கிழமை ரெண்டு புள்ளி நாலு,
இன்று ரெண்டரை. உயர்வு என்று குறித்துவிடவா?"
பின்னால் யாரோ தேநீர் கலக்கும் ஓசை.

குறித்துக்கொள்ளுங்கள் என்றேன்.
வகுத்தல் சரி. இன்னும் முப்பத்தொன்பது பேர்
போனால் போதும்,
நூற்றுக்கு நூறு.

திரும்பும் பேருந்துக்குக் காத்திருந்தபோது
சாலையின் எதிர்ப்புறம் அவள் போனாள்.
கோட்டுப் பையில் தீப்பெட்டி,
நடைக்கு நடை
ஒற்றைப் பல் கிலுகிலுத்துக்கொண்டு.
எந்த வீட்டுக்குத் திரும்பினாள் என்று
நான் பார்க்கவில்லை.