முதல் துளையில் மஞ்சள் கம்பி

செருப்பு அலமாரிக்குப் பின்னால்
நிறுவனம் தந்த வெள்ளைப் பெட்டி.
அதன்மேல், நேற்று சிம் லிம்மில் வாங்கிய கறுப்பு ரௌட்டர்,
மல்லாந்த பூச்சிபோல் கால்களை நீட்டிக்கொண்டு.
இரண்டுக்குமே தான்தான் வீட்டுக்காரர் என்ற நினைப்பு.
இது எழுதிய முகவரியை அது அடித்து எழுத
துவாரகாவின் விளையாட்டில் அவள் கூட்டாளிகளின் குரல்
வாசல்வரை வந்து திரும்பிப் போகிறது.
"ரெண்டு தடவ பேர மாத்துதும்மா."
பதினான்கு வயது. திரையிலிருந்து கண் எடுக்கவில்லை.

சேவை எண்ணில் இருபத்தாறு நிமிடம் பியானோ.
பிறகு ஃபிர்தௌஸ் என்று ஒருவர்:
பிரிட்ஜ் மோட் போட்டால் அந்தப் பெட்டி யோசிக்காது மேடம்,
வந்ததை வந்தபடி கடத்தும்.
அதன் வைஃபை அணைந்துவிடும்.
அதற்குப் பிறகு கோளாறு என்றால் எங்களைக் கேட்கக் கூடாது.
சம்மதமா?

நான் சிரித்தது அவருக்குக் கேட்டிருக்கும்.
பதினோரு வருடமாக நீதிமன்றத்தில்
எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.
தமிழில் வந்ததை ஆங்கிலத்தில்,
ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழில்.
கூட்டாதே, குறைக்காதே.
இருமலை வேண்டுமானால் விட்டுவிடலாம்.

இன்று காலை துவாஸ் விடுதியிலிருந்து ஒரு வெல்டர்.
சோற்றுப் பொட்டலத்தில் தொடங்கிய சண்டை.
தான் அன்றைக்குச் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்:
"ஒன்னப் பாத்துக்கறேன்டான்னேன். அவ்ளோதாங்க."

காய்ச்சலில் கிடக்கும் அறைத்தோழனிடமும் அதைத்தான் சொல்வோம்.
கடன் வாங்கி ஓடியவனிடமும் அதைத்தான்.
ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி வாசல்;
எது வழியாக அழைத்துப் போனாலும்
மற்றது என் பின்னால் சாத்திக்கொள்ளும்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
இரண்டு பொருள் உண்டு என்றேன்.
"நீங்கள் சாட்சி இல்லை" என்றார் வழக்கறிஞர்,
மிக மரியாதையாக.

மஞ்சள் கம்பியைப் பிடுங்கி
வெள்ளைப் பெட்டியின் முதல் துளையில் செருகினேன்.
மறுமுனை கறுப்புப் பெட்டியின் நீலத் துளையில்.
இரண்டையும் அணைத்துவிட்டுக் கால்மணி நேரம் சும்மா இரு,
பழைய சொந்தத்தை அந்தப் பக்கம் மறக்கட்டும் என்றிருந்தார்.

கால்மணி நேரம்.
செங்காங்கில் இவ்வளவு சத்தம் உண்டா?
பக்கத்து வீட்டில் வாணலியில் ஏதோ பொரிகிறது.
தலைக்குமேல் யாரோ கோலியை உருட்டுகிறார்கள்,
அல்லது கோலியைப் போல எதையோ.
கீழே எல்ஆர்டி வளைவில் தேய்ந்து போகிறது.
துவாரகா வந்து குளிர்ப்பெட்டியைத் திறந்து
ஒன்றும் எடுக்காமல் மூடினாள்.

முதலில் வெள்ளைப் பெட்டி. அப்புறம் கறுப்பு.
ஆரஞ்சு, ஆரஞ்சு, ஆரஞ்சு,
பச்சை.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் தொடங்கும் வீட்டு எண் போய்
வெளியுலகத்து எண் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது.
சந்தேகத்துக்கு
வெள்ளைப் பெட்டியின் பழைய பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.
திறக்கவில்லை.
கம்பி அதன் வயிற்றுக்குள்தான் ஓடுகிறது,
கதவைத் தட்டத்தான் வழியில்லை.

அதனிடம் ஒன்று கேட்க நினைத்திருந்தேன்.
எதற்கு, அது ஒரு பிளாஸ்டிக்.

அறைக்குள்ளிருந்து துவாரகா, காதில் ஹெட்செட், யாரையோ விரட்டிக்கொண்டு:
"வாடா வா, ஒன்னப் பாத்துக்கறேன்!"
அந்தப் பக்கம் ஒரு பையன் கெக்கெக்கென்று சிரிக்கிறான்,
ஜொகூரோ, உட்லண்ட்ஸோ.
சிரிப்போடு சேர்ந்து போய்ச்
சிரிப்போடு சேர்ந்து இறங்கியிருக்கிறது அந்தச் சொல்.
வெல்டர் சிரித்துக்கொண்டு சொன்னாரா என்று
காலையில் யாரும் கேட்கவில்லை.
நான் கேட்கக் கூடாது.

மணி பதினொன்றரை.
பிரிண்டர் மட்டும் பழைய வைஃபையின் பெயரைத் தேடி
இன்னும் மினுக்கிக்கொண்டிருக்கிறது.
நாளைக்குப் பார்த்துக்கலாம்.