கரண்ட் போயிட்டாங்க

வடபழனி டிப்போவுக்கு எதிரே
எங்கள் மெஸ்ஸில்
ஏழாம் டேபிள்காரரிடம்
திபாகர் சொன்னான்:
"கால் தூக்கு. துடைக்கணும்."

அவ்வளவுதான்.
சாம்பாரில் விரல் அப்படியே நின்றது.
முப்பது வருஷம் ரெவின்யூவில் இருந்தவர்.
"யாரைப் பார்த்துத் தூக்குங்கறே நீ?"
மரியாதை தெரியாத ஜனம், என்றார் பக்கத்து டேபிள்.
ரயிலேறி வந்துடறானுங்க, என்றார் இன்னொருவர்
வாய் நிறைய வடையோடு.

பில் மெஷினுக்குப் பின்னாலிருந்து
எழுந்து போய் மன்னிப்புக் கேட்டேன்,
ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும்
ஒரு "ங்க" கட்டி.

அந்த "ங்க" என் வீட்டுச் சொத்தில்லை.
காசிமேட்டில் என் அம்மா
கவுன்சிலரையும் கடலையும்
நீ என்றுதான் கூப்பிடுவாள்.
"இன்னா, துன்ட்டியா?" என்று கேட்டுவிட்டால்
உன்மேல் உயிரை வைத்திருக்கிறாள் என்று பொருள்.
வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் சொன்னார்:
அந்த நாக்கை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வாம்மா.
பதினோரு வருஷமாய் வைக்கிறேன்,
செருப்புக்குப் பக்கத்தில்.

மதியக் கூட்டம் ஓய்ந்தபின்
பாத்திரம் கழுவும் இடத்தில் போய்க் கேட்டேன்,
ஏன் அப்படிச் சொன்னாய்?
கைநுரையை உதறிவிட்டு
தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம்
எடுத்து வைத்தான்.
வா. போ. எடு. வை. தூக்கு.
தள்ளு. சீக்கிரம். என்னடா. அறிவில்ல?
நாலு வருஷத் தமிழ்.
எல்லாம் எங்கள் வாயிலிருந்து விழுந்தது.
பொறுக்கி, துடைத்து,
பத்திரமாய் வைத்திருந்தான்.

பிறகு பாதி இந்தியில்
கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னான்:
எங்கள் ஒடியாவில் மூன்று உண்டு, அக்கா.
தூ. துமே. ஆபண.
ஆபண என்று சொல்லாமல்
மாமனாரிடம் தீப்பெட்டிகூடக் கேட்க முடியாது.
இங்கே வந்ததும் அந்தச் சொல்லுக்காகக்
காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.
ஒருநாளும் கேட்கவில்லை.
பாவம், இவர்கள் பாஷையில்
பெரியவர்களுக்கென்று ஒன்றுமே இல்லைபோல,
அப்படித்தான் வீட்டுக்கு போனில் சொன்னேன்.

அஸ்கா பக்கத்தில் ஏதோ ஒரு வீட்டில்
நாலு வருஷமாய்
நம்மைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அப்புறம் வரவில்லை.

சொல்லிக் கொடுத்தேன்.
ரெண்டே எழுத்து, கடைசியில் ஒட்டிவிடு.
மறுநாள் அவனைப் பிடிக்க முடியவில்லை.
டேபிள் காலிங்க.
வாழையிலை வந்துட்டாங்க.
பூனை உள்ளே போறாங்க, பூனை!
இரண்டரை மணிக்கு ஃபேனெல்லாம் நின்றபோது
கழுவுமிடத்து இருட்டிலிருந்து:
"கரண்ட் போயிட்டாங்க."

கடையே சிரித்தது, ஏழாம் டேபிள் உட்பட.
மாஸ்டர் அடுப்படியிலிருந்து கத்தினார்:
"டேய், சார்ஜ் லைட்ட எடுத்துட்டு வாடா."
"சரிங்க."

ராத்திரி பஸ்ஸில் அம்மாவுக்கு போன்.
இதைச் சொல்லத் தொடங்கி
முதல் வினைச்சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன்.
ஓர் ஆளைப் பற்றி வாய் திறந்தால்
எத்தனை உயரத்தில் வைத்திருக்கிறோம் என்று
அளந்து காட்டாமல்
இந்த மொழியில் வாக்கியத்தை மூட முடியாது.
இங்கேயே பாருங்கள், மேலிருந்து கீழ்வரை
சொன்னான், வைத்தான் என்றே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.
என்னைவிட இரண்டு வயது மூத்த ஆளை.

மூச்சு பிடித்து ஆரம்பித்தேன்:
"எங்க கடையில ஒருத்தர் இருக்கார்மா.
திபாகர்னு பேரு. அவர் இன்னிக்கு..."

அம்மா குறுக்கே விழுந்தாள்:
"யாரு, புது ஓனரா?
எப்பமே வந்தான்?"