முப்பது விநாடி

புந்தா அரினாஸில் ஜூன் மாதக் காற்று
கதவைத் திறக்க விடாது.
சால்மன் ஆலை விடுதியில் அறுநூறு கட்டில்.
வெளியே போக ஒரே முகவரி.

வெட்டுக்கூட வாசலில் மாட்டியிருக்கும் ரப்பர் அங்கிபோல
அறுநூறு பேரும் அந்த ஒன்றைப் போட்டுக்கொண்டுதான்
உலகத்துக்குள் போனார்கள்.
திரும்பி வருகிற பதிலை இன்னாருக்கென்று பிரிப்பது
என் அலமாரியில் உறுமும் ஃபயர்வால்.
உள்ளே யார், வெளியே எந்த போர்ட், எத்தனை விநாடி.
அதுவே எழுதும். அதுவே அழிக்கும்.

ஞாயிறு இரவுகளில் பட்டியல் நிரம்பிவிடும்.
அடுத்து வருபவரின் அழைப்பு சுவரில் மோதி விழும்.
திங்கட்கிழமை
புகார்ப் பெட்டி கொள்ளாமல் காகிதங்கள்.

ஒன்று மட்டும் வேறு மாதிரி.
மீன் வெட்டும் பிரிவு, வில்னேர் தெசூலம்:
‘பேசும்போது நன்றாகத்தான் இருக்கிறது, மேடம்.
பேசாமல் இருந்தால்தான் அறுந்துபோகிறது.
எண்ணிப் பார்த்தேன். முப்பது.’

முதலில் சிரித்துவிட்டேன்.
பிறகு அமைப்புகளைத் திறந்து பார்த்தேன்.
அவன் எண்ணியது சரி.
முப்பது விநாடி எதுவும் கடக்காவிட்டால்
இருவரும் போய்விட்டதாக
எண்ணிக்கொள்ளும் இந்தப் பெட்டி.

ஹைத்தியில் இருப்பவளோடு
ஏன் அவ்வளவு நேரம் பேசாமலிருக்கிறாய் என்று
நான் கேட்கவில்லை.
விவாகரத்துக்கு முந்தின குளிர்காலத்தில் நானும்
ஃபோனைக் காதில் வைத்தபடி
ஒரு கெட்டில் தண்ணீர் கொதிக்கும்வரை
நின்றிருக்கிறேன்.

முப்பதை முந்நூறாக்கலாம்.
ஆனால் மௌனத்துக்கும் இடம் வேண்டும்:
யாரும் பேசாத போர்ட்டுகள்
ஐந்து நிமிடம் பிடிபட்டுக் கிடக்கும்.
ஒரு முகவரி தாங்காது.

இன்னும் ஐந்து இருந்தன.
விருந்தினர் மாளிகைக்கென்று மேலாளர் பரீசிச்
நான்கு வருடமாகப் பூட்டி வைத்தவை.
அங்கே கடைசியாகத் தங்கிய விருந்தாளி
கூரையில் முட்டையிட்ட ஒரு கடற்காகம்.

நாற்பத்தொன்று முதல் நாற்பத்தாறு வரை
ஒரே தொகுப்பாக்கினேன்.
மேலிருந்து படித்து
முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும் பெட்டி இது.
அதனால் என் விதியை
பழைய விதியின் தலைமேல் வைத்தேன்.
அதிகாலை மூன்றுக்குப் பட்டியலைத் துடைத்தேன்.
அந்நேரம் விழித்திருந்த பதினேழு பேர்
என்னைத் திட்டியிருப்பார்கள்.

அடுத்த ஞாயிறு.
மூன்றாம் மாடி, நாற்பத்துமூன்றின் வழியே ஒரு வரி.
முப்பத்தொன்று.
முப்பத்திரண்டு.
தேநீர் ஆறிவிட்டது.
நூற்று நாற்பது.
இருநூற்றுப் பதினொன்றில் ஒரு சின்னப் பொட்டலம்,
வெளியிலிருந்து.
உள்ளே என்ன என்று எனக்குத் தெரியாது,
பெட்டிக்கும் தெரியாது.
மூன்றாம் மாடிக்கு அனுப்பிவிட்டு
மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கியது.

பரீசிச்சிடம் இன்னும் சொல்லவில்லை.