கழுத்துக்கொய்யாவுக்கு ஒரு படிவம்

இனத்தின் பெயர் என்று கேட்கிறது முதற்கட்டம்.
பேனா அங்கேயே நிற்கிறது.

டச்பாரில் இதற்குக் கழுத்துக்கொய்யா.
ஏறாவூர்ச் சந்தையில் மர்சூனாவின் பெட்டிக்குள்
மூக்கன்.
அம்பாறை பஸ் கண்டக்டர் "பேர" என்கிறார்,
அவருக்கு எல்லாக் கொய்யாவும் பேரதான்.
செட்ரிக் பல்தசார், கடைசல் பட்டறைக்காரர்,
எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்தபடி சொன்னார்:
"பேர எண்டது எங்கட ஆக்கள்ற சொல்லு மிஸ்.
போர்த்துக்கீசில பேரிக்காய்."

ஆக,
கப்பலில் வந்தவன் ஒருவன்
ஏதோ ஒரு மரத்தின்கீழ் நின்று
கழுத்து நீண்ட காயொன்றைப் பார்த்து
ஊரில் விட்டுவந்த பழத்தின் பெயரை
வாய்தவறிச் சொல்லியிருக்கிறான்.
கோட்டை கைமாறி, மறுபடி கைமாறி,
பிழை மட்டும் இங்கேயே தங்கி
வருடம் இருமுறை காய்க்கிறது.

குணவியல்புகள். இடம் போதாவிடின் தனித்தாள் இணைக்கவும்.
இணைக்கிறேன்.
தோல் மஞ்சளாகாது, பச்சையிலேயே பழுக்கும்;
அணிலுக்குத் தெரிந்த பிறகுதான் வீட்டுக்காரருக்குத் தெரியும்.
தசை வெள்ளை. கழுத்துப் பக்கம் மட்டும்
சிவப்புச் சட்டையோடு ஊறப்போட்ட வேட்டிபோல
ஒரு சாயம்.
விதை குறைவு. ஒன்றில் எண்ணினேன், முப்பத்தேழு.
கச்சான் காற்றடிக்கையில் சிறுத்து இனிக்கும்.
மாரியில் பெருத்துச் சப்பென்று போகும்,
அப்போது மர்சூனா அதைக் கீறி
உப்பும் மிளகாய்த்தூளும் தடவி
பள்ளிக்கூட வாசலில் விற்றுவிடுவாள்.
உவர் தாங்கும். கிணற்றுத் தண்ணீரில்
சவர்க்காரம் நுரைக்காத வருடமும் காய்த்தது.

தோற்றமும் வரலாறும்.
விதை போட்டால் வராது.
வந்தாலும் கழுத்தில்லாமல் உருண்டையாக வரும்,
யாரோ வீட்டுப் பிள்ளைபோல.
எழுபத்தெட்டுச் சூறாவளியில் மரம் சாய்ந்தது.
கூரைத்தகரம் பொறுக்கப் போனவர்கள்
அதை அப்புறப்படுத்த நேரமில்லாமல் விட்டார்கள்.
மறுகா ஒருநாள் பார்த்தால்
சேற்றில் புதைந்த கொப்பு
தன்பாட்டில் வேர்விட்டுக் கிடந்தது.
பதியம் பிடிக்கும் என்பது
அப்படித்தான் தெரிந்தது, திணைக்களத்துக்கு அல்ல.

பிறகு கொப்பாகக் கொப்பாகப் போனது.
கலியாணத்துக்கு ஒன்று.
கடைசல் இயந்திரம் வாங்கிய கடனுக்கு
வட்டிக்குப் பதிலாக ஒன்று:
மர்சூனாவின் மாமனார் வட்டி வாங்கமாட்டார்,
கொய்யாக் கன்று வாங்குவார்.

கடல் வந்த காலையில்
டச்பார் மரம் போயிற்று.
மரத்தோடு நிறுத்திக்கொண்டார் செட்ரிக்.
நானும் அடுத்த கட்டத்தைப் பார்த்தேன்.

இப்போது திராய்மடுவில் நிற்பது
ஏறாவூரிலிருந்து திரும்பி வந்த கொப்பு.
"குடுத்ததத் திருப்பித் தந்திட்டாங்க" என்றார்,
"முதல் இன்னும் பாக்கி."

மரத்தின் வயது?
எந்த மரத்தின்?
பதியத்தில் வந்தது பிள்ளையில்லை. அதே மரம்,
வேறு காலில் நிற்கிறது.
இருபது என்றால் பொய்.
நூறு என்றால் ஆதாரம் கேட்பார்கள்.
கோடு போட்டுவிட்டேன்.

ஒப்பீட்டுக்காக என்று செலவுக்கணக்கில் எழுதி
பட்டணத்து சூப்பர்மார்க்கெட்டில்
பேரிக்காய் ஒன்று வாங்கிப்போனேன்,
நுரைவலைச் சட்டை போட்டிருந்தது.
பட்டறை மேசையில் இரும்புச்சீவலை ஒதுக்கி
இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினோம்.
செட்ரிக் கடித்தார். நெடுநேரம் மென்றார்.
"தண்ணி. குத்தமில்ல. இதுக்கா
அந்த மனிசன் அவ்வளவு ஏங்கினான்?"
இது சீனத்துக் காய், அவன் நினைத்தது
வேறாக இருக்கும் என்றேன்.
"அப்ப இதுக்கும் பேர் பிழையா?"
பட்டறைப் பையன்கள் சிரித்தார்கள்.
கடைசல் மறுபடி ஓடத் தொடங்கியது.

பெயர்க் கட்டத்தில் மூன்றையும் எழுதினேன்.
கடைசி எழுத்து வெளியே நிற்கிறது.

மாதிரிப் பழங்கள் மூன்று இணைக்கவும், என்கிறது அடிக்குறிப்பு.
இரண்டு இணைத்துள்ளேன்.