இரண்டு பச்சை

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் என் சூளை,
அந்தப் பக்கம் துளசிமணியின் மெருகுப் பட்டறை.
அங்கே கரண்டு போனால் இங்கே இருக்கும்.
இங்கே போகிற நாளாகப் பார்த்து
எண்ணூறு டிகிரியில் கண்ணாடி தேனாக நிற்கும்.

கமருதீன் ராவுத்தர் எடைக்குக் கொண்டுவந்தார்:
ஒரு சாக்கில் சித்தூர்ப் பக்கத்துப் பாட்டில்கள்,
இன்னொன்றில் கோவை சோடாக் கம்பெனி உடைசல்.
"ரெண்டும் பச்சதானேம்மா."
எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

பாலக்காட்டு ஹோட்டல்காரர் காற்று கேட்டிருந்தார்,
ஆடியில் கணவாய்க்குள் அடிக்கிற காற்று,
முழ உயரத்தில், முன்கூடத்தில் வைக்க.

அடுக்கினேன். உருக்கினேன்.
ஐந்நூற்றுப் பதினைந்தில் நிறுத்தி
மணிக்கு இருபது, அதற்கு மேல் இல்லை என்று இறக்கினேன்.
இரண்டு ராத்திரி மூடியைத் தொடாமல் இருப்பதுதான் வேலை.
கை அரிக்கும்.

திறந்தபோது ஒரு கீறல் இல்லை.
துளசிமணி எண்பதாம் நம்பரில் தொடங்கினாள்,
தண்ணீர் சொட்டச் சொட்ட.
இருநூற்றிருபது, நானூறு, அறுநூறு,
கடைசியில் கம்பளிச் சக்கரம், சீரியம் குழம்பு.
நகக்கண்ணெல்லாம் வெள்ளை.
கன்னத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"தண்ணிய நிக்க வச்ச மாதிரி."

நாலாம் நாள் ராத்திரி, யாரும் தொடாமல்,
அலமாரியில்
டிக்.
பல்லி என்று நினைத்துப் புரண்டு படுத்தேன்.

காலையில் இரண்டு துண்டு.
பச்சையும் பச்சையும் சேர்ந்த கோட்டில், அளந்து வெட்டியதுபோல.
ஒன்று சூட்டில் கூட விரியும், ஆறும்போது கூடச் சுருங்கும்.
தலைமுடி அளவுகூட வராது அந்தக் கூடுதல்.

மிச்சமிருந்த சோதனைத் துண்டை எடுத்தேன்.
ராவுத்தர் சாக்கோடு வந்த கூலிங்கிளாஸ் சில்லு இரண்டைக்
குறுக்கும் நெடுக்குமாகப் பிடித்து
நடுவில் அதை வைத்து டார்ச் அடித்தால்
எல்லாம் இருட்டு.
ஒட்டிய கோடு மட்டும் வெள்ளையாக எரிகிறது.

"ஐயோ, என்ன அழகு!"
துளசிமணி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.
அது உடையப் போகிற இடம் என்றேன்.
"இருக்கட்டும். இன்னொரு தடவ காட்டு."

ஹோட்டலுக்கு போன் போட்டேன், பத்து நாள் தள்ளும் என்று.
சாக்குகள் மேல் சுண்ணாம்பில் ஒன்று, இரண்டு.

திரும்பினால் அவள் பாதியைக் கையில் வைத்து
உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டிருந்தாள்.
அறுநூறும் சீரியமும் காணாத பளபளப்பு.
"இதுக்கு நான் எதுக்கு?" என்று விரலால் தடவினாள்.
ரத்தம் வந்தது
கொஞ்சம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.