வழக்கும் வழக்கமும்

லக்சம்பர்க் நீதிமன்றத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள்
காதில் கருவி மாட்டி
தீர்ப்பை லாத்வியமாக்கிக்கொண்டிருந்தாள் விஸ்மா.
பத்தி நூற்றுப் பதினாறு:
"நிறுவனம் தன் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியது."
எட்டு ஆண்டுகளில் இதே வாக்கியம்
மூன்று முறை அவள் வாய்வழி போயிருக்கிறது.
வினைமுற்று மட்டும் மாறும்.

பிறகு அபராதம்.
பூஜ்யம் எதுவும் தவறிவிடக் கூடாதென்று
பென்சிலால் தாளில் புள்ளி வைத்தாள்.
ஒன்பது புள்ளி.
நிறுவனத்தின் வழக்கறிஞர்
கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மதிய ரயில்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி என்போம்.
இங்கே யானையிடமிருந்து
சோளப்பொரியைப் பிடுங்கியிருந்தார்கள்.

லியபாயாவில், ஒரு பேக்கரியின் நிலவறையில்,
அவள் தம்பி டைனிஸும் நாற்பது பேரும்
ஆளுக்கு முப்பது யூரோ போட்டு
ஊருக்கென்று ஒரு வரைபடம் நடத்துகிறார்கள்.
திரும்பும் பாலம் எப்போது திரும்பும்,
எந்தத் தெருவில் குழாய் தோண்டியிருக்கிறார்கள்,
எந்த பெஞ்சில் உட்கார்ந்தால் ஆணி கிழிக்கும்,
எல்லாம் அதில் உண்டு.
சர்வர் எப்போதும் வெதுவெதுப்பு.
அதன் தலையில்தான் பேக்கரிக்காரர்
மாவுத் தட்டை வைத்துப் பொங்கவிடுகிறார்.

தீர்ப்பின்படி வசந்தத்தில்
புதுக் கைபேசிகளில் ஒரு திரை வந்தது.
"உங்கள் வரைபடத்தைத் தெரிவு செய்யுங்கள்."
பன்னிரண்டு பெயர்கள், குலுக்கிப் போட்ட வரிசையில்.
டைனிஸ் கூட்டத்தின் பெயரும் ஒன்று.
அன்றிரவு நிலவறையில் பியர் திறந்தார்கள்.

தெரிவு செய்யச் சொன்னார்கள்;
ஜனங்கள் தெரிந்ததைத் தெரிந்தார்கள்.
மூன்று மாதத்தில் புதிதாக வந்தவர் பத்தொன்பது.
அதில் இருவர் விரல் வழுக்கி வந்தவர்கள்,
மன்னிக்கவும் என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

சிறிய போட்டியாளரை நிறுவனம் வாங்கக் கூடாது:
பத்தி நூற்று முப்பது, மிகத் தெளிவு.
விஸ்மாவே அதை இரண்டு தரம் அழுத்திச் சொன்னாள்.
அக்டோபரில் ரூத்தாவுக்கு டப்ளினில் வேலை கிடைத்தது.
நவம்பரில் எட்கர்ஸுக்கு.
வாங்கினார்கள் என்று யாரும் சொல்லவில்லை,
சம்பளம் என்றார்கள்.
ரூத்தாவைக் குறை சொல்லவும் முடியாது,
அவள் வீட்டுக் கூரை இரண்டு குளிர்காலமாக ஒழுகுகிறது.

தமிழில் வழக்கு என்றால் நீதிமன்றத்தில் நடப்பது;
நாள்தோறும் நாம் பழகிப்போனதும் அதுவே.
லாத்வியத்தில் இவை வேறு வேறு சொற்களாம்.

டிசம்பரில் விஸ்மா தம்பியைப் பார்க்க வந்தாள்.
இரவு, பேருந்து நிலையம், பக்கவாட்டு மழை.
ஒன்பது புள்ளிகளையும் எண்ணிச் சொன்ன அதே பெண்
கைபேசியை எடுத்தாள்.
விரல் போன இடத்துக்கு
விஸ்மா போகவில்லை, விரல்தான் போனது.
நீலக் கோடு அவளைக் கால்வாய்வரை கூட்டிச்சென்று
பாலத்தைக் கட என்றது.
பாலம் அங்கே இல்லை. திரும்பி நின்றது.
மரம் ஏற்றிய கப்பல் ஒன்று
அவசரமே இல்லாமல் போனது.

இருபது நிமிடம் நனைந்தபின் தம்பியை அழைத்தாள்.
"ஒன்பதே முக்காலுக்குத் திரும்பும் என்று போட்டிருக்கிறோமே."
"எதில்?"
"எங்களுடையதில்."
இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் மழை மட்டும்.

காலையில் நிலவறையில்,
ஈஸ்ட் வாசனைக்கு நடுவே,
பாலத்தின் தென்கரையில் ஒரு புள்ளி வைத்து எழுதினாள்:
'இங்கே ஒதுங்கக் கூரை கிடையாது.'
நாற்பத்தியிரண்டாவது பெயராகத்
தன் பெயரையும் முப்பது யூரோவையும் போட்டாள்.
மாவு பொங்கிக்கொண்டிருந்தது.

"அந்த இன்னொன்றை அழித்துவிடேன்" என்றான் டைனிஸ்.
கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள்.
அது நடுங்கியது, மூலையில் ஒரு சின்னப் பெருக்கல் குறி.
எடுத்துவிட்டாள்.
திரும்பிப் போகும் விமானச் சீட்டு
அதற்குள்தான் இருந்தது.