விபத்தில்லாத இருபத்தாறு ஆண்டுகள்

விற்றவள் ஹலினா.
வாங்கியவள் நான்.
தாளில் மட்டும் இன்னும் வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பவர்
ரோமுவால்த்,
பிப்ரவரியில் இறந்துபோனவர்.

லூப்ளினில் என் பக்கத்து முதல் பேருந்து
நாலே முக்காலுக்கு.
ரொட்டி அடுப்போ
மூன்றரைக்கே மாவு கேட்கும்.
அதற்குத்தான் இந்த ஸ்கோடா:
சாம்பல் நிறம், இரண்டாயிரத்து ஒன்பது மாடல்,
இடது கதவைக் கொஞ்சம் தூக்கி
இழுத்தால்தான் திறக்கும்.

பணம் எண்ணப் பத்து நிமிடம்.
ஹலினா தேநீர் தந்தாள், சாவி தந்தாள்,
பனிக்கால டயர் நான்கையும்
நிலவறையிலிருந்து ஒவ்வொன்றாக உருட்டி வந்தாள்.
கடைசியாக ஒரு பிளாஸ்டிக் உறை.
"எல்லாம் இதில் இருக்கிறது."

இருந்தது,
அவர்கள் கேட்டதைத் தவிர.

யானையை வாங்கியாயிற்று,
அங்குசத்துக்குத்தான் ஆறு வாரம்.
வாரிசுச் சான்றின் நகலை அனுப்பினேன்.
முத்திரை இல்லை என்றார்கள்.
முத்திரை வாங்கி அனுப்பினேன்.
பாலிசிதாரரின் கையெழுத்து இல்லையே என்றார்கள்.
பாலிசிதாரர்
லிபோவா தெருக் கல்லறையில்
சுவரோரம் இருக்கிறார்.
போகும்போது பேனா எடுத்துப் போகவில்லை.

தொலைபேசியில் ஒன்றை அழுத்தினேன், நான்கை அழுத்தினேன்,
மாவு ஒருமுறை உப்பி அமுங்கும் நேரம்
வயலின் கேட்டேன்.
பிறகு ஒரு பையன், பெயர் கஸ்பெர்.
நல்லவன்தான், சளி பிடித்திருந்தது.

"பழைய பாலிசி உங்களுக்கு வந்துவிட்டது அம்மணி.
பிரீமியத்தைத்தான் மறுகணக்குப் போட்டிருக்கிறோம்.
திரு. ரோமுவால்துக்கு
இருபத்தாறு ஆண்டுகளாக ஒரு விபத்தும் இல்லை,
அறுபது சதவீதம் தள்ளுபடி.
உங்களுக்கு வரலாறு இல்லை."

முப்பத்தெட்டு வயது எனக்கு.
ஒரு விவாகரத்து, ஐந்து வாடகை வீடு,
மணிக்கட்டில் அடுப்புச் சூட்டின் தழும்புகள்.
வரலாறு இல்லையாம்.

"அந்தத் தள்ளுபடி வண்டியோடு வராதா?"
"அது ஆளோடு ஒட்டியது."
"ஆள்தான் இல்லையே."
"அதனால் அதுவும் இல்லை," என்று தும்மினான்.

இருக்கையில் அவர் உட்கார்ந்த பள்ளம் வந்தது.
வாசம் போன பைன் மர அட்டை வந்தது.
வானொலியில் அவர் விட்டுப்போன அலைவரிசை,
காலையில் பன்றி விலை சொல்லும் அது,
அதுகூட வந்தது.
நிதானம் மட்டும் கைமாறாது போலிருக்கிறது.

வியாழனன்று ஒரு கடிதம்.
அன்புள்ள திரு. ரோமுவால்த்,
புதிய முகவரிக்கு வாழ்த்துகள்.
முகவரி என்னுடையது.
ஒன்றரை அறை வீட்டில்
அவரை எங்கே படுக்க வைப்பேன்?

சேஸிஸ் எண்ணைத் திரும்பவும் கேட்டார்கள்,
ஆறாவது எழுத்து எட்டா, பி-யா என்று.
நேற்றிரவு டாஷ்போர்டு பெட்டியைக் குடைந்தேன்.
கட்டம் போட்ட சின்ன நோட்டு:
லிட்டர், விலை, கிலோமீட்டர்,
பென்சிலில், பொடி எழுத்தில்,
ஒரு நிரப்பல் விடாமல்.
நடுவில் ஏதோ ஒரு மார்ச்சில்:

யானுஷ் வீட்டு வாயில் தூண்.
பின்பக்கம் நசுங்கல். கையிலிருந்து நானூறு ஸ்லோட்டி.
ஹலினாவுக்குத் தெரியாது.

நாலு பக்கம் தள்ளி:

வாத்து. வாத்து தப்பியது, பம்பர் தப்பவில்லை.

இருட்டில், நின்ற வண்டியில்,
தனியாகச் சிரித்தேன்.
எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்து அணைந்தது.

மடியில் இன்னும் நிரப்பாத படிவம்.
கேள்வி ஏழு:
இவ்வாகனம் முன்பு சேதமுற்றதா?

எனக்குத் தெரிந்து இல்லை, என்று எழுதினேன்.

அப்புறம் அவர் பென்சிலை எடுத்து
அவருடைய கடைசி வரிக்குக் கீழே
தேதி போட்டேன்.
மறுகணக்கு: இரண்டாயிரத்து நூற்றுப் பத்து ஸ்லோட்டி.
கட்டியாயிற்று.

மணி மூன்று.
யார் வீட்டுத் தூண் எங்கே இருக்கிறதென்று
இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு
மெல்ல, ரொம்ப மெல்ல,
ரிவர்ஸ் எடுத்தேன்.